வைரவர் தந்த எழுத்தறை

கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

என் கையில் பேனை. மடியில் ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் பாதி எழுதிய தாள். கற்பூரத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த காணி இராசம்மாக்கா இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பியபடி நின்றார். கண்கள் இறுக மூடியிருந்தன, உதடுகள் மட்டும் அசைந்தன. மஞ்சளாய்ப் பழுத்த தேசிக்காய் ஒன்று உருண்டு வந்து என் கால்விரலில் முட்டி நின்றது.

என்னவென்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர், "சரியப்பா, இப்பவே போய்ப் பாக்கிறன்" என்றார். சொன்ன கையோடு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குளத்துப் பக்கமாக ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கற்பூரம் அணைந்தது. தேசிக்காயை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, விட்ட வசனத்தைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வார இதழின் ஆசிரியர் சைக்கிளில் வந்து நிற்பார். அத்தியாயம் பாதி வழியில் கிடந்தது. தேசிக்காயின் வரலாற்றை ஆராய எனக்கு நேரம் இருக்கவில்லை.

கதவு இல்லாத வீடு

யாழ்ப்பாணத்தை விட்டு, கடல்நீரேரியைத் தாண்டி, வன்னிக்குள் கால் வைத்ததோடு இந்தப் பத்தியைப் போன கிழமை நிறுத்தியிருந்தேன். அதை வாசித்த சிநேகிதி ஒருத்தி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரியடி. அந்த அமளிக்குள்ளை நீ எங்கை இருந்து எழுதினனீ?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், முதலில் நான் எப்படிப்பட்ட எழுத்தாளராக இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஐயா எனக்கென்று ஓர் அறை தந்திருந்தார். அதற்குக் கதவு இருந்தது. கதவுக்குக் கொண்டி இருந்தது. இடது பக்கம் யன்னல், ஆடாத மேசை, முதுகு நோகாத கதிரை. அம்மா தேத்தண்ணியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். இந்த ஏற்பாட்டில் நான் வருடத்துக்கு இரண்டு சிறுகதை எழுதினேன். ஒருமுறை இலக்கியக் கூட்டமொன்றில் எழுந்து, "பெண் எழுதுவதற்கு முதலில் வேண்டியது ஒரு கதவு" என்று பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

அக்கராயனில் நாங்கள் வந்து சேர்ந்த மாமியின் வீட்டுக்குக் கதவே கிடையாது. மண்சுவர், கிடுகுக் கூரை, வாசலில் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த படங்கு. என் கணவர் தேவன் பிறந்து வளர்ந்த வீடு அது. குளத்துத் தண்ணீரை நம்பி மாமா வயல் வெட்டிக் குடியேறிய காலத்திலேயே, "பிறகு கதவு போடுவம்" என்று சொன்னாராம். மாமா காலமாகிப் பல வருடமாகியும் அந்தப் 'பிறகு' வரவில்லை.

இந்த நிலையில்தான் ஆசிரியர் வந்தார். அவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவர், ஆனால் ஓர் அச்சகத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு பெயர்ந்தவர். அச்சடிக்கத் தாள் கிடைக்காமல், கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே வார இதழை அடித்துக்கொண்டிருந்தார்.

"சனம் சிரிச்சுக் கனநாளாச்சுது தங்கச்சி. ஒரு தொடர்கதை தாரும். சிரிக்கிற மாதிரி."

வருடத்துக்கு இரண்டு கதை எழுதுகிற நான், கிழமைக்கு ஒரு அத்தியாயம் தருவதாக ஒப்புக்கொண்டேன். பெருமைதான் காரணம். முருகேசர் என்ற ஓய்வுபெற்ற தபாற்கந்தோர்க்காரர், அவர் மனைவி, வேலைவெட்டியில்லாத மகன் என்று ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து, முதல் அத்தியாயத்தை இருந்த இருப்பில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அச்சில் வந்த பிறகுதான் இரண்டாம் அத்தியாயத்தை எங்கே இருந்து எழுதுவது என்ற கேள்வி வந்தது.

இடம் தேடிய படலம்

இரவில் எழுத முடியாது. மண்ணெண்ணெய் அப்போது மருந்துபோல. ஜாம் போத்தல் விளக்கு ஒன்று, அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.

பகலில் குசினியில் இருந்து பார்த்தேன். மாமி நல்லவர். ஆனால் ஒருவர் சும்மா இருப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. எழுதுவதும் சும்மா இருப்பதும் அவர் கணக்கில் ஒன்று.

"பிள்ளை, உதிலை சும்மாதானே இருக்கிறாய். இந்த அரிசியைப் பிடைச்சுத் தா."

புடைத்துக் கொடுத்தேன். பிறகு மிளகாய்க் காம்பு உடைத்தேன். பிறகு தேங்காய் துருவினேன். முருகேசர் முதல் வரியிலேயே, வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

குளக்கட்டுக்குப் போனேன். காற்று, மருதமர நிழல், நீர்க்காகங்கள். இரண்டு வரி எழுதியிருப்பேன். சைக்கிளில் போனவர் இறங்கி வந்தார்.

"என்ன பிள்ளை, மாமியோடை கொளுவலோ?"

இல்லை என்றேன். அடுத்தவர் வந்தார். அவரும் அதையே கேட்டார். மூன்றாவது ஆள் கேட்கவேயில்லை, பக்கத்தில் இருந்து எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார். பின்னேரத்துக்குள், தேவனின் பெண்சாதி குளத்தில் விழப் பார்த்தாளாம் என்ற அளவுக்குக் கதை வளர்ந்து மாமியின் காதுக்குப் போயிற்று. மாமி குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டுக்கே நேரில் வந்தார். ஊர் கேட்கும்படியாக, என்னை முதன்முதலாக "மகளே" என்று கூப்பிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சொல்லும் பேசவில்லை.

எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. உரையாடல் எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு, அந்தந்தப் பாத்திரத்தின் குரலில் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்காவிட்டால் எனக்கு வராது. யாழ்ப்பாணத்தில் அந்த வியாதியைக் கதவு மறைத்து வைத்திருந்தது.

கடைசியில் அகப்பட்டதுதான் வண்டிற் கொட்டில். காணியின் பின்மூலையில், மாமா காலத்து மாட்டு வண்டில் ஒன்று ஒற்றைச் சில்லோடு சாய்ந்து கிடந்த இடம். பக்கத்தில் பெரிய பாலைமரம். மரத்தடியில் வைரவர் சூலம். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நான் சூலத்துக்கு அருகில், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு நல்ல இடத்தை ஊரார் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

இராசம்மாக்காவின் மாடு

அந்தக் கற்பூர நாளில், மகனைக் காணவில்லை என்று மனைவி புலம்ப, முருகேசர் பதில் சொல்லும் கட்டத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, அடித்தொண்டையிலிருந்து முருகேசரின் கட்டைக் குரலை எடுத்து இப்படிச் சொன்னேன்:

"ஏன் கத்துறாய்? குளத்துக்கு அங்காலை போய்ப் பார். வெக்கமில்லாமல் அங்கைதான் மேஞ்சுகொண்டு நிக்கும்."

சோம்பேறி மகனைப் பற்றிய வசனம் அது. ஆனால் மூன்று நாளாகக் காணாமற்போன தன் சிவப்பிப் பசுவுக்காக வைரவரிடம் முறையிட வந்து, சூலத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்ற இராசம்மாக்காவுக்கு, அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது.

சிவப்பி குளத்துக்கு அங்கால்தான் நின்றதாம்.

நான் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் ஒரு கூட்டம். நடுவில் இராசம்மாக்கா.

"ஆம்பிளைக் குரல். சத்தியமாய்ச் சொல்லுறன், ஆம்பிளைக் குரல். பெட்டையின்ரை வாயாலை வருகுது."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மாமி கேட்டார்:

"களைச்சுப்போனாய். தேத்தண்ணி போடட்டே பிள்ளை?"

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி எனக்குத் தேத்தண்ணி போட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பொற்காலம்

அதற்குப் பிறகு வந்த கிழமைகளைப்போல எழுதுவதற்கு வசதியான காலம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை.

காலையில் எழுந்தால் அரிசி புடைக்கக் கூப்பிடுவதில்லை. "நீ போ பிள்ளை, உன்ரை அலுவலைப் பார்." வண்டிற் கொட்டில் சாணி தெளித்துக் கூட்டப்பட்டிருந்தது. என் தலைக்கு மேலே யாரோ புதுக் கிடுகு வேய்ந்திருந்தார்கள். பாதையில் போகும் உழவு இயந்திரக்காரர்கூட எங்கள் வேலிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். தூரத்தில் எங்கேயோ ஷெல் விழுந்து அதிர்ந்த ஒரு காலையில், இராசம்மாக்கா அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்து, "உவங்களுக்கு நேரங்காலம் தெரியாது" என்று அலுத்துக்கொண்டதாக மாமி சொன்னார்.

அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. ஆசிரியர் தாளை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, இடத்தைப் பிடிச்சிட்டீர் போல கிடக்கு" என்றார்.

"ஓம். நல்ல அமைதியான இடம்."

வீட்டில் கஷ்டப்பட்டவர் தேவன் ஒருவர்தான். சாமி வருகிற வீடு என்று மாமி மீன், முட்டை என்று மச்சம் முழுவதையும் நிறுத்திவிட்டார்.

"இஞ்சரும், உம்மடை முருகேசர் எப்ப முடிவார்? எனக்கு முட்டைப் பொரியலுக்கே வழியில்லை."

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ. இப்பதான் கதை சூடு பிடிக்குது."

கேள்வி கேட்க வருகிறவர்களைச் சமாளிப்பதும் பெரிய வேலையாக இருக்கவில்லை. தண்ணீர்ப் பம்பைக் காணவில்லை, மகளுக்குச் சம்பந்தம் பொருந்துமா, இந்த முறை மழை பெய்யுமா. நான் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருப்பேன். அவர்களே அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒருவருக்கும் பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லையே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐயா தந்த கதவைவிட வைரவர் தந்த கதவு பலமாக இருந்தது. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

மெழுகுதிரி

முருகேசர் கறியில் உப்பில்லை என்று சண்டை பிடித்து, குடையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன அத்தியாயத்தை முடித்த காலை அது. காலடிச் சத்தம் கேட்டது. வழக்கம்போலக் கண்ணை மூடினேன். கற்பூர வாசம் வரவில்லை. நெருப்புக்குச்சி கிழிக்கும் சத்தம் மட்டும் வந்தது. அரைக்கண்ணால் பார்த்தேன்.

நாற்பது வயதுப் பெண் ஒருவர் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் செபமாலை.

"நான் வேதக்காரி" என்றார் அவர், சூலத்துக்கும் எனக்கும் பொதுவாக. "கற்பூரம் கொளுத்தினா எங்கடை சுவாமியார் ஏசுவார். இது பறவாயில்லைத்தானே?"

பெயர் திரேசம்மா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டிருந்தார். அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

"மனுசன் கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை. அண்டைக்குத் தமையன்ரை வள்ளத்திலை போனவர். அதாலை எங்கடை எஞ்சின் வீட்டிலை கிடந்தது. ஓடி வரேக்கை வேறை ஒண்டும் எடுக்கேல்லை, அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தனான். இப்ப ஒராள் விலைக்குக் கேக்கிறார். பிள்ளையள் ரெண்டு பேர். வித்தா ஒரு தையல் மெஷின் வாங்கலாம்."

சரிந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தார்.

"வித்தாப் பிறகு அவர் வந்து நிண்டா? 'எங்கையடி என்ரை எஞ்சின்' எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? அதைத்தான் கேக்க வந்தனான். விக்கட்டோ, வேண்டாமோ?"

நான் கண்ணை மூடியபடியே இருந்தேன். மற்றவர்கள் இந்த இடத்தில் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டு எழும்பிப் போவார்கள். இவர் போகவில்லை. மெழுகு சொட்டும் மணம் வந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால், அவர் அப்படியே செய்துவிடுவார் என்று தெரிந்தது. பேசாமல் இருந்தாலும் அதிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் செய்வார்.

கண்ணைத் திறந்தேன்.

"அக்கா, என்னிலை ஒரு சாமியும் வாறேல்லை. நான் கதை எழுதுறன்."

அவர் என்னைப் பார்த்தார். என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"ஓம், எனக்கும் ஒரு ஐமிச்சம்தான்" என்றார். "வைரவர் எதுக்குப் பேனை பிடிக்கிறார் எண்டு யோசிச்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் வந்தது. அவர் முகத்திலும் ஏதோ அசைந்தது.

"அப்ப என்ன கதை எழுதுறீர்? வாசியும், வந்தனான் கேட்டிட்டாவது போறன்."

வாசித்தேன். உப்புச் சண்டை வந்ததும் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். முருகேசர் குடையோடு வேலிப் படலையைத் திறக்கத் தெரியாமல் தடுமாறும் இடத்தில், கையை எடுத்துவிட்டு நன்றாகவே சிரித்தார்.

"பிறகு அந்த மனுசன் எங்கை போறார்?"

"தெரியாது அக்கா. இனித்தான் எழுதவேணும்."

"எப்ப தெரியவரும்?"

"வாற கிழமை."

"அப்ப வாறன்" என்று எழும்பினார். மிச்ச மெழுகுதிரியை ஊதி அணைத்து, மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

உண்மை விளம்பல்

அன்று மத்தியானமே மாமியிடம் சொன்னேன். மாமி நம்பவில்லை.

"சாமி அப்பிடித்தான் சொல்லும். தான் இல்லையெண்டு சொல்லும்."

"மாமி, நான் எழுதுறது முருகேசர் எண்டு ஒரு ஆளைப் பற்றி."

"அப்ப இராசம்மாவின்ரை மாட்டைக் காட்டினது ஆர்?"

"மாடு அங்கை நிண்டது மாமி. அவ்வளவுதான்."

சாமி போனது மாமிக்குப் பெரிதாகப்படவில்லை. ஊருக்குள் வந்திருந்த மரியாதை போகப்போகிறதே என்பதுதான் கவலை. பிறகு எழும்பி, மூலையிலிருந்த சுளகை எடுத்து என் முன்னால் வைத்தார். அரிசி வந்துவிட்டது.

இராசம்மாக்காவுக்கு நானே போய்ச் சொன்னேன். நம்பவைப்பதற்காக அந்த அத்தியாயத்தையே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தன் சிவப்பியும் முருகேசரின் உருப்படாத மகனும் ஒரே வசனத்தில் அகப்பட்டதை அறிந்து அவர் முதலில் மனம் நொந்தார்.

"என்ரை மாடு ஒருநாளும் அவனைப்போல இல்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பெடியன் பிறகு வேலைக்குப் போனவனே?" என்று கேட்டார்.

அத்தோடு வைரவர் தந்த கதவு கழன்று விழுந்தது. நான் ஊரை ஏமாற்றிவிட்டதாக அடுத்த ஒழுங்கையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உழவு இயந்திரம் பழைய வேகத்தில் போனது. ஆனால் இராசம்மாக்கா கொட்டிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. பனையோலைப் பெட்டியும் கையுமாக வந்து உட்கார்ந்து, பின்னிக்கொண்டே முருகேசரின் மகனுக்குப் பெண் பார்த்தார். மாமி, "கொட்டில் கூட்ட வந்தனான்" என்று வருவார், கூட்டி முடித்தும் போகமாட்டார். திரேசம்மா சொன்னபடி வந்தார். அடுத்த கிழமையும் வந்தார்.

நான் எழுத முடியாது என்று நினைத்தேன். எழுத முடிந்தது. எப்படி என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது எதிரில் பின்னுகிற கை நின்றால், அது நல்ல வசனம். நிற்காவிட்டால் வெட்டிவிடுவேன். ஐயாவின் கதவுக்குப் பின்னால் இருந்து எழுதிய நாட்களில் இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

முருகேசர் மட்டும் திரும்பி வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதென்று முடிவு செய்திருந்தேன். வாசகர்களுக்காக என்று ஆசிரியரிடம் சொன்னேன். உண்மையில் திரேசம்மாவுக்காகத்தான்.

கடைசி அத்தியாயம்

அதை எழுதத் தொடங்கிய காலை, திரேசம்மா கொஞ்சம் பிந்தி வந்தார். வந்து வழமையான இடத்தில் உட்கார்ந்தார்.

"வித்துப்போட்டன்" என்றார்.

இராசம்மாக்காவின் கை நின்றது. மாமி விளக்குமாற்றைச் சாத்தினார். நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டீர்? எழுதும்" என்றார். பிறகு, என் தாளைப் பார்க்காமல், தரையில் கிடந்த பாலை இலையொன்றை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்காண்டி அந்த மனுசனைக் கூட்டிவராதையும் பிள்ளை. கதை கெட்டுப்போகும்."

நான் அவரைக் கூட்டிவரவில்லை. அதற்குப் பதிலாக, முருகேசரின் மனைவி தனியாக மீன் வாங்கிக் காய்ச்சுகிறாள். கலியாணம் செய்த நாளிலிருந்து மீன் தலை முருகேசருக்குத்தான். பழக்கத்தில் தலையை எடுத்து அவர் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி வைக்கிறாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு மூடியைத் திறந்து, அந்தத் தலையைத் தானே எடுத்து, கண்ணிலிருந்து தொடங்கி, ஒரு முள் மிச்சமில்லாமல் உறிஞ்சிச் சாப்பிடுகிறாள். உப்புச் சரியாக இருக்கிறது. அதோடு கதை முடிகிறது.

வாசித்து முடித்தபோது திரேசம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"எங்கடை வீட்டிலையும் ஒருநாளும் எனக்குத் தலை கிடைச்சதில்லை" என்றார். "கடலிலை இருந்து கொண்டுவாறவர் அவர், தலையும் அவருக்குத்தான். நான் அதைப் பற்றி யோசிச்சதுகூட இல்லை."

அன்று மாமி அவரைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. வீட்டில் மச்சம் திரும்பி வந்து சில நாட்களாகியிருந்தன. குளத்தில் பிடித்த பெரிய விரால் ஒன்று அன்று குழம்பில் கிடந்தது. தேவன் வயலிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, சப்பாணி கட்டி உட்கார்ந்தார். மாமி அகப்பையை விட்டு அளைந்து மீன் தலையைத் தூக்கினார். தேவன் கோப்பையை முன்னால் நகர்த்தினார்.

அகப்பை அவரைத் தாண்டிப் போய், திரேசம்மாவின் கோப்பையில் கவிழ்ந்தது.

"தின்னு பிள்ளை" என்றார் மாமி.

தேவன் தன் கோப்பையை ஒருதரம் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு வால்துண்டை எடுத்து முள் பிரிக்கத் தொடங்கினார்.